கிட்னி டாக்டரின் மூன்று நிமிடம்

டீ சொல்லியாகிவிட்டது. அண்ணிக்கு மட்டும் அரை டம்ளர். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு டீயும் கணக்கு, மோரும் கணக்கு, இட்லிக்கு ஊற்றும் சாம்பாரும் கணக்கு. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் உள்ளே போகும் ஒவ்வொரு மடக்கும் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கிவிடும். அண்ணி அந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருக்கிறார். அண்ணனுக்குத்தான் வேறொரு கணக்கு பிடிபடவில்லை.

"காலைல மொத பஸ்ஸு புடிச்சு வந்தோம் தம்பி. டோக்கன் போட்டு, ரத்தம் குடுத்து, ரிப்போர்ட்டு வாங்கி உள்ள போறப்ப மணி பன்னண்டு. டாக்டரு மூணு நிமிசம் பாத்தாரு. உப்பு எறங்கல, மாத்திரைய மாத்தித் தரேன்னாரு. அவ்ளோதான். மூணு நிமிசத்துல அவருக்கு என்ன தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த டாக்டரைப் பிடித்து உலுக்கினாலும் பதில் வராது. முதலில் தலைகளை எண்ணிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. இந்தியாவில் பத்து லட்சம் பேருக்கு ஏறக்குறைய 2 நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர். அந்த விகிதத்தில் இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது 3 பேர். பன்னாட்டுச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2023 அறிக்கைப்படி, உலக நாடுகளை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் நாட்டில் பத்து லட்சம் பேருக்கு 12-க்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் தருமபுரிக்கு 17, 18 பேர் வேண்டும். நமக்கு வரும் 3 பேரும் காகிதத்தில் வருகிறவர்கள்தான். நிபுணர்கள் மாவட்டவாரியாகப் பங்கு பிரித்துக்கொண்டு உட்காருவதில்லை. சென்னை, கோவை, வேலூர் என்று பெரிய மருத்துவமனைகள் உள்ள ஊர்களில் சேர்ந்துகொள்கிறார்கள். நமக்கு வடக்கே பெங்களூரு வேறு இழுக்கிறது.

ஆள் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். எடுக்க ஆள் வேண்டுமே. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, அதற்கு மேல் சிறுநீரகத்துக்கென்று டி.எம். மூன்று. மொத்தம் பதினொன்றரை. நடுவில் நுழைவுத் தேர்வுக்காகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் வருடங்கள் தனி. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் தொடங்கியது. அதன் முதல் செட் மாணவர் ஒருவர் எங்கும் தடைபடாமல் படித்திருந்தாலும் 2020 வாக்கில்தான் கிட்னி டாக்டராக வெளியே வந்திருப்பார்.

ஆள் குறைவு என்பது பாதிக் கதை. மீதிப் பாதி இந்த நோயின் குணத்தில் இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு ஒருவருக்கு வேலை முடிந்தால் அடுத்தவர். குடல்வால் எடுத்தவருக்குத் தையல் பிரித்துவிட்டால் டாக்டர் முகமே மறந்துபோகும். கிட்னி டாக்டரிடம் வந்தவர் அப்படிப் போவதில்லை. அண்ணன் 'உப்பு' என்று சொன்ன கிரியாட்டினின் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து ஆயுசுக்கும் அவருடைய நோயாளி. ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டே இருக்க, யாருமே இறங்காத பென்னாகரம் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நடத்துனர் கெட்டிக்காரராக இருக்க இருக்க நெரிசல் கூடும். நல்ல டாக்டர் நோயாளியைப் பத்து வருடம் உயிரோடு வைத்திருக்கிறார். அந்தப் பத்து வருடமும் மாதா மாதம் அவர் அறை வாசலில் ஒரு நாற்காலி நிரம்புகிறது.

எத்தனை பேர் ஏறுகிறார்கள்? 2016 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி ஒரு கணக்குச் சொன்னார். நாட்டில் வருடத்துக்கு 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முழுதாகச் செயலிழக்கிறது, அதனால் 3.4 கோடி டயாலிசிஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றார். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் டயாலிசிஸ் என்ற தேசியத் திட்டம் அந்த உரையில்தான் வந்தது. அந்த 2.2 லட்சத்தை மக்கள்தொகை விகிதத்தில் நம் மாவட்டத்துக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 250 பேர். நோய் எல்லா ஊரிலும் ஒரே அளவில் வருவதில்லை என்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் ஒரு மெஷின் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு மூன்று ஷிப்ட் ஓடினால் 18 முறை. வாரம் மூன்று முறை என்ற முறையான கணக்கில் ஒரு மெஷினுக்கு 6 பேர். இரண்டு முறை என்று சுருக்கினால் 9 பேர். இரண்டு முறைக்கே, ஒரு வருடத்துப் புதியவர்களுக்கு மட்டுமே, 28 மெஷின் வேண்டும். அடுத்த வருடம் இன்னொரு 250 பேர் வருவார்கள்.

"மெசினு வாங்கிரலாமே தம்பி, கவர்மெண்டு நெனச்சா."

வாங்கலாம், வாங்கவும் செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கு ஏழைகள் கையிலிருந்து காசு போவதில்லை. தாலுகா மருத்துவமனைகளுக்கும் மெஷின் வந்திருக்கிறது. நோயாளிக்குப் பஸ் செலவு மிச்சம். அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வாரம் மூன்று நாள் தருமபுரிக்கு வந்துபோவது என்றால் கூட வருகிறவரின் கூலியும் சேர்ந்தல்லவா போகிறது? மெஷினை ஓட்டுவது டெக்னீசியனும் நர்ஸும். ஆனால் ஒவ்வொரு மெஷினும் கிட்னி டாக்டரின் மேஜைக்குக் காகிதம் அனுப்புகிறது. இவருடைய உலர் எடை (கூடுதல் நீர் நீங்கிய எடை) எவ்வளவு, எத்தனை லிட்டர் நீர் எடுக்கலாம், ஹீமோகுளோபின் 7-இல் நிற்கிறதே ஊசியைக் கூட்டலாமா, பொட்டாசியம் ஏறியிருக்கிறதே, நேற்று நடுவில் பிரஷர் இறங்கி மயக்கம் போட்டாரே. நூறு பேர் இருக்கிற யூனிட்டில் ஒருவருக்கு மாதம் பத்தே நிமிடம் ஒதுக்கினாலும் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கு இது சொந்த விஷயம்.

டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் ஒரு பக்கம் ஓடும். மெல்லிய சவ்வுக்கு மறுபக்கம் மருந்து கலந்த தண்ணீர் ஓடும். நிமிடத்துக்கு அரை லிட்டர், நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர் தண்ணீர் ஒருவருடைய ரத்தத்தை உரசிக்கொண்டு போகிறது. நீங்களும் நானும் வாரத்துக்குக் குடிப்பது பதினைந்து லிட்டர் இருக்கலாம். அதிலும் குடலும் கிட்னியும் காவலுக்கு நிற்கின்றன. அங்கே காவல் கிடையாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்கிறது இந்திய தர நிர்ணயம். டயாலிசிஸ் தண்ணீரில் 0.2-ஐத் தாண்டக் கூடாது.

இந்த மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடு கதையை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காவி ஏறிய பல்லும் வளைந்த முழங்காலும் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தண்ணீர். ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தான் தொட்டிக்கு ஏறும். டயாலிசிஸ் அறைக்குப் பின்னால் ஆர்.ஓ. பிளாண்ட் என்று ஒரு சின்ன அறை இருக்கும். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி, உப்பு போட்டு மென்மையாக்கும் தொட்டி, கடைசியில் வெள்ளைக் குழாய்களுக்குள் சவ்வு. காது கொடுக்க முடியாத இரைச்சல். நோயாளிகள் யாரும் எட்டிப் பார்க்காத இடம், ஆனால் அவர்கள் உயிர் அங்கே இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் தண்ணீர் சுத்திகரிக்கும் அமைப்பு தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்டதில் ஃபுளோரைடு கலந்து 12 பேருக்கு உடம்பு கெட்டு 3 பேர் இறந்தார்கள். அவ்வளவு வசதியுள்ள ஊரில். ஆக, இங்கே ஆர்.ஓ. ரிப்போர்ட்டைப் படிப்பதும் கிட்னி டாக்டரின் வேலைப் பட்டியலில் ஒன்று. நம் பக்கத்தில் அதைக் கடைசி வேலையாக வைக்க முடியாது.

இன்னும் இருக்கிறது. கண்ணாடி விரியன் கடித்து வருகிறவருக்கு விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகும் மூத்திரம் நின்றுபோகலாம். நிலக்கடலை பிடுங்கும்போது, மாட்டுத் தீவனம் அறுக்கும்போது கடிபட்ட முப்பது வயதுக்காரர். சில வாரம் டயாலிசிஸ் செய்து தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் அவர் கிட்னி திரும்பிவிடும். வீட்டுக்கு நடந்தே போவார். இந்தத் துறையில் இப்படி முழுசாகக் குணமாகிப் போகிறவர்கள் குறைவு. ஆனால் அவர் திங்கட்கிழமை ஓ.பி. நேரம் பார்த்து வர மாட்டார். பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஐ.சி.யூ.வில் கிருமித் தொற்று, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு 'கிட்னி ஒபினியன்' என்று எல்லா வார்டிலிருந்தும் போன் வரும். காப்பீட்டு அனுமதிக்கு எழுத வேண்டிய தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் நான்கு மணி நேர ஓ.பி.யில் எண்பது பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு மூன்று நிமிடம். அண்ணன் சொன்ன அதே மூன்று.

மூன்று நிமிடத்தில் பிரஷர் பார்க்கலாம், கால் வீக்கத்தை அமுக்கிப் பார்க்கலாம், போன மாதத்து உப்பையும் இந்த மாதத்து உப்பையும் ஒப்பிட்டு மாத்திரையை மாற்றலாம். அனுபவமுள்ள டாக்டருக்கு அது போதும், அதில் அண்ணன் நினைப்பது போல மோசம் எதுவும் இல்லை. மூன்று நிமிடத்தில் முடியாதது பேச்சு. "அம்மா, இன்னும் ஒரு வருஷத்துக்குள்ள உங்களுக்கு டயாலிசிஸ் தேவைப்படும். இப்பவே இடது கையில ரத்தக் குழாய்களை இணைச்சு ஃபிஸ்டுலா போட்டுக்கணும். அது பழுக்க ஒன்றரை மாசம் ஆகும். அந்தக் கையில யாரையும் ஊசி குத்த விடாதீங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அழுவார்கள். மகனைக் கூப்பிட வேண்டும் என்பார்கள். நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறோம் என்பார்கள். அரை மணி நேரத்துப் பேச்சு அது, அதுவும் ஒரே தடவையில் முடியாது.

அந்தப் பேச்சு நடக்காமல் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நோயாளி மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார். ஆறு மாதம் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல், ராத்திரி ஒரு மணிக்கு 108-இல் வருகிறார். கையில் ஃபிஸ்டுலா இல்லை. கழுத்து நரம்பில் குழாய் செருக வேண்டும். குழாயில் தொற்று வரும், காய்ச்சல் வரும், மறுபடி வார்டு. பகலில் மிச்சம் பிடித்த அரை மணி நேரத்துக்கு ராத்திரியில் மூன்று மணி நேரம் போகிறது. அடுத்த நாள் காலை அதே டாக்டர், கண் எரிய, எண்பது பேருக்கு மூன்று நிமிடம். நேரமின்மையே இப்படி வேலையைக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் பளுவில் மிகப் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது. இதை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

"அப்ப மொதல்லயே கண்டுபுடிச்சா வேல கொறையுமில்ல?"

குறையும், ஆனால் முதலில் கூடும். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை.

நீரிழிவும் ரத்தக் கொதிப்பும்தான் கிட்னியைக் கெடுப்பதில் முன்னால் நிற்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். 2004-க்கு முன்னால் அதுவும் தருமபுரி மாவட்டம்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பைகளையும் அதே திட்டத்தில் கொண்டுபோய்த் தருகிறார்கள். இரண்டு லிட்டர் பை, நாளுக்கு மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வாரம் மூன்று நாள் இறங்கி வர முடியாதவருக்கு அது பெரிய உபகாரம். மெஷினும் வேண்டாம், ஆர்.ஓ. அறையும் வேண்டாம். கை சுத்தம் மட்டும் தவறக் கூடாது. 2023-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூத்திரத்தில் புரதம் பார்க்கும் குச்சிப் பரிசோதனையும் வந்தது. சில நிமிட வேலை. குச்சியின் நிறம் மாறினால் கிட்னியில் ஒழுகல் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த யோசனைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. சென்னையின் மூத்த சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி 1990-களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில், சுமார் 25,000 பேரை எடுத்துக்கொண்டு, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். பிரஷர் பார்ப்பது, மூத்திரத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் புரதம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது. கண்டுபிடித்தவர்களுக்குக் கடையில் இருப்பதிலேயே மலிவான பழைய மாத்திரைகள். தலைக்கு வருடச் செலவு ஒரு டீ, வடை அளவுக்குக்கூட வரவில்லை. பெரிய நிபுணர் ஒருவர், தன் அறைக்கு ஆள் வராமல் தடுப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது எனக்கு அதில் பிடித்த விஷயம்.

ஆனால் மணியின் ஏற்பாட்டில் கண்டுபிடித்தவருக்கு அங்கேயே வைத்தியம் நடந்தது. குச்சி நிறம் மாறிய எல்லோரையும் 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சீட்டு எழுதி அனுப்பினால் எண்பது பேர் வரிசை இருநூறு ஆகும், மூன்று நிமிடம் ஒரு நிமிடமாகும். யார் மேலே போக வேண்டும், யார் கீழேயே இருக்கலாம் என்று உலக அளவில் ஒப்புக்கொண்ட வரையறை இருக்கிறது. கிட்னி வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனவர், புரதம் மிக அதிகமாக ஒழுகுகிறவர், சில மாதத்திலேயே மளமளவென்று இறங்குகிறவர், காரணமே தெரியாதவர் ஆகியோர் நிபுணரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்குச் சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்து, வலி மாத்திரையை நிறுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்புப் பார்க்கச் சுகாதார நிலையத்து டாக்டர் போதும். அவர் அதைத் தைரியமாகச் செய்ய வேண்டுமானால், சந்தேகம் வரும்போது நிபுணரிடம் போனில் கேட்கும் வழி இருக்க வேண்டும். ஐந்து நிமிட போன், ஒரு பகல் பயணத்தை மிச்சம் பிடிக்கும்.

காரணம் தெரியாதவர் என்றேன். அது சின்னக் கூட்டமில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி சிறுநீரகவியல் மருத்துவர்கள் தமிழ்நாட்டின் விவசாயத் தொழிலாளர்கள் 3,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 5 பேருக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. வெயிலில் உடல் நீர் வற்ற வேலை செய்வது ஒரு சந்தேகம். இலங்கையில் அனுராதபுரம் பக்கமும் ஆந்திரத்தில் உத்தானம் பக்கமும் விவசாயிகளிடம் இதே புதிர் பல வருடமாக இருக்கிறது. சர்க்கரைப் பதிவேட்டை மட்டும் வைத்து இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் தக்காளி பறித்துவிட்டு, ராத்திரி இடுப்பு வலிக்கு மெடிக்கலில் ஒரு டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பவரை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

முன்பு சொன்ன அந்த டவுன் பஸ்ஸிலிருந்து இறங்க நல்ல வழி மாற்றுச் சிறுநீரகம்தான். இந்தியாவில் உயிரோடு இருப்பவர் தந்த கிட்னியை முதன்முதலில் வெற்றிகரமாகப் பொருத்தியது 1971-இல் நம் வேலூர் சி.எம்.சி.யில். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறும் தமிழ்நாடு அரசின் திட்டம் 2008-இல் வந்தது. 2023 முதல் உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. ஆனால் மாற்றிக்கொண்டவரும் டாக்டரை விட்டுப் போவதில்லை. ஆயுள் முழுக்க எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து, அளவு பார்க்க ரத்தப் பரிசோதனை. வாரம் மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டாம், வேலைக்குப் போகலாம்; அது பெரிய விடுதலை. ஓ.பி. வரிசைக்கு மட்டும் விடுதலை இல்லை.

ஆள் சேர்க்கும் வழியில் ஒன்றே ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளின் டி.எம். இடங்களில் பாதியை ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒதுக்கித் தமிழ்நாடு 2020-இல் ஆணை போட்டது. வழக்கு நடந்து, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தொடர அனுமதித்தது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் சில வருடம் உட்கார்ந்து எழுந்தவர் கிட்னி டாக்டராகி வந்தால், மேலே யாரை அனுப்ப வேண்டும், கீழே யாரை வைத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. படித்து முடித்தவரை மாவட்டத்தில் நிறுத்திவைக்க வீடும், துணைக்கு இன்னொரு நிபுணரும் வேண்டும். தனியாக ஒருவரைப் போட்டால் அவர் லீவு போடும் நாளில் மாவட்டத்துக்கே லீவு.

அண்ணனுக்குச் சொன்ன யோசனைகள் சாதாரணமானவை. எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். அண்ணி தினமும் காலையில் பார்க்கும் எடையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளோடு, முட்டி வலிக்கு வாங்கியது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது எல்லாவற்றையும் மறைக்காமல் மேஜையில் வையுங்கள். கேட்க வேண்டிய கேள்வியை ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, உட்கார்ந்ததும் அதையே முதலில் கேளுங்கள். சாப்பாட்டுச் சந்தேகத்தை டாக்டரிடம் வைத்திருக்க வேண்டாம். டயாலிசிஸ் சிஸ்டரிடம் நான்கு மணி நேரம் இருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. தாலுகா மருத்துவமனையில் புது மெஷின் வந்தால் ரிப்பன் வெட்டுகிறோம், மெஷின் எத்தனை என்று கல்வெட்டும் வைக்கிறோம். அந்த மெஷின்களை மேற்பார்வையிடும் சிறுநீரக மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அங்கே வருவார் என்பதையும் அதே சுவரில் எழுதி வைக்க வேண்டும்.